எரியும் பாதங்கள்: ஒரு மருந்தின் இரு முகங்கள்

உங்கள் உடலிலேயே மிக நீளமான செல் எது தெரியுமா? செல் என்றாலே கண்ணுக்குப் புலப்படாத சிறு பொருள் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் கால் பெருவிரல் நுனியில் முள் குத்தியதை மூளைக்கு அறிவிக்கும் நரம்புச் செல், இடுப்புக்கு அருகே முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் நரம்பிழை தொடை, முழங்கால், கெண்டைக்கால் வழியாக இறங்கிப் பாதத்தில் போய் முடிகிறது. அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். பருமனோ தலைமயிரைவிடப் பன்மடங்கு குறைவு.

இந்த நீளமே அதற்கு ஆபத்தாகவும் அமைகிறது. நரம்பிழைக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை செல்லின் உடலில் தயாராகி, அங்கிருந்து பாதம் வரை பயணம் செய்தாக வேண்டும். ஆற்றுப் பாசனத்தில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது எந்த வயல்? கடைமடை வயல்தான். நரம்புகளின் கதையும் அதுவே. செல்லுக்கு எந்த நலிவு நேர்ந்தாலும் முதலில் வாடுவது பாதத்தில் உள்ள நுனி. பிறகு வாட்டம் மெல்ல மேலேறுகிறது. முழங்காலை நெருங்கும் காலத்தில் கைவிரல் நுனிகளிலும் தொடங்குகிறது.

எய்ட்ஸ் நோயுடன் வாழ்ந்தவர்களில் மிகப் பலரை இந்த வாட்டம் பற்றியது. பாதம் மரத்துப் போகும். அல்லது தணலில் வைத்ததுபோல் எரியும். இரவில் போர்வை பட்டாலே துடிப்பார்கள் சிலர். இதற்குக் காரணம் அந்த நோயின் வைரஸ் மட்டுமன்று. அவர்கள் உயிரைக் காத்த மருந்தும் ஒரு காரணம். உயிரைக் கொடுத்துப் பாதத்தை வாங்கிக்கொண்ட அந்த மருந்தின் வரலாற்றைக் காண்போம்.

நரம்பில் தெரிந்த நோய்

1981ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு வழக்கத்துக்கு மாறான ஒரு நிமோனியா கண்டதாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வார அறிக்கை வெளியிட்டது. எய்ட்ஸ் பற்றிய முதல் பதிவு அதுவே. 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பிரான்சுவா பாரே-சினூசி, லுக் மொந்தாஞியே ஆகியோர் அடங்கிய குழு அதன் வைரஸைப் பிரித்தெடுத்தது. இவ்விருவரும் 2008இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகளில், இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது.

எய்ட்ஸ் உடலின் எதிர்ப்பாற்றலை அழிப்பது என்றே எல்லோரும் பேசினர். ஆனால் நரம்பியல் மருத்துவர்கள் விரைவிலேயே வேறொன்றையும் கண்டனர். பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த டேவிட் கார்ன்பிளாத், ஜஸ்டின் மெக்ஆர்தர் ஆகிய இருவரும் 1988இல் இதை விரிவாக எழுதினர். எய்ட்ஸ் நோயாளிகளின் பாதங்களில் எரிச்சலும் வலியும்; குதிகால் நாணைச் சுத்தியால் தட்டினால் துள்ள வேண்டிய கால் துள்ளுவதில்லை. தசையை இயக்கும் நரம்புகள் ஓரளவு தப்பியிருக்க, உணர்ச்சி நரம்புகளே பெரிதும் கெட்டிருந்தன.

இங்கே ஒரு புதிர் உண்டு. எச்.ஐ.வி. வைரஸ் நரம்புச் செல்லுக்குள் நுழைந்து பெருகுவதில்லை. அப்படியானால் நரம்பு எப்படிக் கெடுகிறது? வைரஸ் குடியேறுவது எதிர்ப்பாற்றல் செல்களில். அவற்றுள் சில நரம்புகளின் அருகே கூடி அழற்சிப் பொருள்களைக் கக்குகின்றன. வைரஸின் மேலுறைப் புரதமும் நரம்பைத் தூண்டி நோகச் செய்கிறது. பக்கத்து வீட்டில் பற்றிய தீயின் அனலில் நம் வீட்டுக் கூரை கருகுவதைப் போன்றது இது.

மூலையில் கிடந்த கூட்டுப்பொருள்கள்

இனி மருந்தின் கதைக்கு வருவோம். அது எய்ட்ஸுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1960களில் டெட்ராயிட் நகரில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்துவந்த ஜெரோம் ஹார்விட்ஸ் என்ற வேதியியலார் ஒரு தந்திரத்தை எண்ணினார். புற்றுநோய்ச் செல் பெருக வேண்டுமானால் புதிய டி.என்.ஏ. இழைகளைக் கட்ட வேண்டும். கட்டுமானக் கற்களுக்கு இடையே போலிக் கற்களைக் கலந்துவிட்டால் என்ன?

டி.என்.ஏ. இழையை ஓர் இரயில் தொடர் என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னும் பின்னும் கொக்கி உண்டு. முன்பக்கம் கொக்கி இருந்து பின்பக்கம் இல்லாத ஒரு பெட்டி வந்து சேர்ந்துவிட்டால், அதற்குப் பின் வேறெதையும் மாட்ட முடியாது. தொடர் அங்கேயே நின்றுவிடும். ஹார்விட்ஸ் தயாரித்தவை இத்தகைய பெட்டிகளே. 1964இல் ஏ.இசட்.டி.யைத் தயாரித்தார். ஸ்டாவுடின் என்றும் சால்சிடபின் என்றும் பிற்காலத்தில் பெயர் பெற்ற வேறு இரண்டும் அதே காலத்தில் அவர் கையில் பிறந்தவை. ஆனால் புற்றுநோயை அவை அடக்கவில்லை. காப்புரிமை கூடக் கோராமல் அவற்றை அவர் ஒதுக்கி வைத்தார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. எச்.ஐ.வி. தன் மரபுச் செய்தியை டி.என்.ஏ.யாக மாற்றி எழுதியே பெருகுகிறது. இதற்கு அது பயன்படுத்தும் நொதி போலிப் பெட்டியையும் நல்ல பெட்டியையும் எளிதில் பிரித்தறிவதில்லை. மூலையில் கிடந்த கூட்டுப்பொருள்களுக்கு உயிர் வந்தது. ஏ.இசட்.டி.யின் முதற்பெரும் சோதனையில் மருந்து பெற்ற 145 பேரில் ஒருவரே இறந்தார். வெற்று மாத்திரை பெற்ற 137 பேரில் 19 பேர் இறந்தனர். சோதனையைப் பாதியில் நிறுத்தி அனைவருக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். 1987 மார்ச்சில் அமெரிக்க அரசு அதை அனுமதித்தது.

அதன் பின் 1991இல் டிடனோசின், 1992இல் சால்சிடபின், 1994இல் ஸ்டாவுடின் ஆகியவை வந்தன. ஸ்டாவுடின் எச்.ஐ.வி.யை அடக்கும் என்று கண்டறிந்தவர்கள் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் புரூசாப், டாய்-ஷுன் லின் ஆகிய இருவர்.

மின்சாரம் நின்ற கடைமடை

சால்சிடபினை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த முதல் சோதனைகளிலேயே, 1980களின் இறுதியில், மருத்துவர்கள் திகைத்தனர். வைரஸ் அடங்கியது, ஆனால் சில வாரங்களில் பாதங்கள் எரியத் தொடங்கின. மருந்தை நிறுத்திய பிறகும் எரிச்சல் உடனே தணியவில்லை. நிறுத்திய வண்டி சற்று தூரம் உருண்டு செல்வதைப்போல, மேலும் சில வாரங்கள் வளர்ந்து அதன் பின்னரே பலருக்குக் குறைந்தது. சிலருக்கு முழுவதும் குறையவே இல்லை.

காரணம் என்ன? நம் செல்லின் கருவிலுள்ள டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதிகள் போலிப் பெட்டிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஆனால் செல்லுக்குள் மைட்டோகாண்டிரியா என்ற சிறு உறுப்புகள் உள்ளன. உணவிலிருந்து ஆற்றலைப் பிழிந்தெடுக்கும் மின் நிலையங்கள் அவை. அவற்றுக்குச் சொந்தமாக ஒரு சிறு டி.என்.ஏ.யும் அதைப் படியெடுக்கத் தனியே ஒரு நொதியும் உண்டு. இந்த நொதி வைரஸின் நொதியைப் போலவே ஏமாந்துவிடுகிறது. சால்சிடபின் பட்ட செல்களில் மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ. குறைந்துபோவதை 1989இலேயே சென், செங் என்ற ஆய்வாளர்கள் காட்டினர். 1991இல் ஸ்டாவுடினுக்கும் டிடனோசினுக்கும் இக்குணம் உண்டென்று அவர்கள் குழுவே எழுதியது.

இப்போது ஒரு மீட்டர் நரம்பிழையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். மின் நிலையங்கள் பழுதடையும்போது முதலில் இருளடைவது எது? நெடுந்தூரத்துக்கு அப்பால் இருக்கும் பாதம்தான். நெட்டையானவர்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் இந்தப் பாதிப்பு மிகுதி என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. வாய்க்கால் நீளமானால் கடைமடைக்குத் தண்ணீர் செல்வது கடினம். வாய்க்கால் பழையதானாலும் அப்படியே.

மருத்துவர்களின் சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். எரிச்சல் வைரஸால் வந்ததா, மருந்தால் வந்ததா? இரண்டும் ஒரே இடத்தில், ஒரே விதமாக வரும். வைரஸால் வந்தால் மருந்தைக் கூட்ட வேண்டும்; மருந்தால் வந்தால் அதை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மாற்று மருந்து எங்கே? 1990களின் முற்பகுதியில் பலருக்கு அந்தக் கேள்விக்கு விடை இல்லை.

350 டாலர்

1996இல் நிலைமை மாறியது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் நெடுங்காலம் அடங்கிக் கிடக்கும் என்று தெரிந்தது. செல்வ நாடுகளில் சாவு சட்டென்று குறைந்தது. ஆனால் ஓர் ஆளுக்கு ஓராண்டுச் செலவு 10,000 டாலருக்கும் மேல். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இருந்த இலட்சக்கணக்கானோருக்கு அது எட்டாக்கனி.

இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உரிமை அளித்தது. மருந்துப் பொருளுக்கு அளிக்கவில்லை. வேறு முறையில் அதே மருந்தைச் செய்யலாம். இந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த மும்பையின் சிப்லா நிறுவனம், 2001 பிப்ரவரியில் ஓர் அறிவிப்பைச் செய்தது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரப்பின் ஆகிய மூன்றையும் ‘எல்லையற்ற மருத்துவர்கள்’ என்ற தொண்டு அமைப்புக்கு, ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அதன் தலைவர் யூசுப் ஹமீத் கூறினார். அதாவது ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு! அதே ஆண்டில் அந்த மூன்றும் ஒரே மாத்திரையாகவும் வந்தன. மேலை நாடுகளில் அவற்றின் உரிமைகள் வெவ்வேறு நிறுவனங்களிடம் சிதறிக் கிடந்ததால் அத்தகைய மாத்திரையை யாரும் செய்யவில்லை.

இதே வேளையில் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் குரல் எழுப்பினர். ஸ்டாவுடினைக் கண்டறிந்த புரூசாப் அவர்களுக்கு ஆதரவாக நின்றார். 2001 மார்ச்சில், உரிமை பெற்றிருந்த பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் தென்னாப்பிரிக்காவில் ஸ்டாவுடின் காப்புரிமையை வலியுறுத்தப் போவதில்லை என்று அறிவித்தது.

விளைவு பெரிது. 2003இன் இறுதியில் ஏழை, நடுத்தர நாடுகளில் ஏறத்தாழ 4 இலட்சம் பேருக்கே சிகிச்சை கிடைத்தது. 2005இன் இறுதியில் அது 13 இலட்சமாயிற்று. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1ஆம் நாள் எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது. அவற்றுள் ஒன்று தாம்பரம் காசநோய் மருத்துவமனை. எழுந்து நடக்க முடியாமல் வந்தவர்கள் சில மாதங்களில் வேலைக்குத் திரும்பினர். ஸ்டாவுடினைக் குறை கூறுமுன் இதை மறக்கக் கூடாது.

ஆனால் கடைமடை காயத் தொடங்கிவிட்டது. ஸ்டாவுடினின் அளவு கூடக் கூட நரம்புப் பாதிப்பும் கூடும் என்பது முன்பே தெரிந்ததுதான். கன்னமும் கைகால்களும் கொழுப்பிழந்து ஒட்டிப்போயின. ஊரார் அந்த முகத்தைக் கண்டே நோயைக் கண்டுகொண்டனர். சிலருக்கு இரத்தத்தில் லாக்டிக் அமிலம் மிகுந்து உயிருக்கே உலை வைத்தது. ஜொகானஸ்பர்க் நகரில் ஸ்டாவுடின் உண்டவர்களை ஆராய்ந்தபோது பாதிக்கும் மேற்பட்டோருக்கு நரம்புப் பாதிப்பு இருந்தது.

செல்வ நாடுகள் 2000களின் முற்பகுதியிலேயே ஸ்டாவுடினைக் கைவிட்டு டெனோபோவிர் போன்ற புதிய மருந்துகளுக்கு மாறின. ஏழை நாடுகளால் மாற முடியவில்லை. தடையாக நின்றது விலைதான். 2007இல் உலக சுகாதார நிறுவனம், உடல் எடை எதுவானாலும் ஒரு வேளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்றது. 2009 நவம்பர் 30ஆம் நாள், ஸ்டாவுடினைப் படிப்படியாக நீக்குங்கள் என்று எல்லா நாடுகளுக்கும் கூறியது. தென்னாப்பிரிக்கா 2010இல் புதிய நோயாளிகளுக்கு அதை நிறுத்தியது. இந்தியாவும் படிப்படியாக நிறுத்தியது. ஒரே மருந்து, ஒரே தீங்கு. ஆனால் அதிலிருந்து விடுபட ஏழைகள் பல ஆண்டுகள் அதிகம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சென்னையின் பழைய பாடம்

மருந்து நரம்பைச் சுடுவது சென்னைக்குப் புதிதன்று. 1956இல் இந்நகரில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் நிறுவப்பட்டது. காசநோயாளிகளை விடுதிகளில் அடைக்காமல் வீட்டிலேயே வைத்துக் குணமாக்கலாம் என்று உலகுக்கு நிறுவியது இந்த மையமே. அங்கு ஐசோனியசிட் என்ற மருந்தை மிகுந்த அளவில் கொடுத்தபோது சிலருக்குக் கைகால்கள் மரத்தன, பாதம் எரிந்தது. அம்மருந்தை மெதுவாகக் கழிக்கும் உடல்வாகு உடையவர்களுக்கே இது அதிகம் வந்தது.

மையத்தின் விஞ்ஞானிகள் இதைச் சிறு தொல்லை என்று ஒதுக்கவில்லை. முறையான சோதனைகள் நடத்தி 1963இல் முடிவை வெளியிட்டனர். ஐசோனியசிட் உடலில் வைட்டமின் பி-6இன் வேலையைக் கெடுக்கிறது. அந்த வைட்டமினைச் சிறிதளவு சேர்த்துக் கொடுத்தாலே நரம்பு தப்பிவிடுகிறது! இன்றும் காச மருந்துடன் பி-6 மாத்திரை தருகிறார்கள் அல்லவா? காரணம் இதுவே.

எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களைக் காசநோய் எளிதில் பற்றும். ஆகவே பலர் ஐசோனியசிட்டையும் ஸ்டாவுடினையும் ஒருங்கே உண்ண நேர்ந்தது. ஒரே நரம்பின் மீது இரு சுமைகள். முதல் சுமையை மலிவான ஒரு வைட்டமின் இறக்கி வைத்தது. இரண்டாவதற்கு அத்தகைய வைட்டமின் எதுவும் அகப்படவில்லை. மருந்தையே மாற்றுவதுதான் வழியாயிற்று.

வலி தணிந்ததா?

கெட்ட நரம்பைத் திருத்த முடியாதா? முயற்சிகள் பல நடந்தன. மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் மற்ற நரம்பு வலிகளைத் தணிப்பது தெரிந்ததே. ஆனால் 1998இல் வெளியான இரு அமெரிக்கச் சோதனைகளில், எய்ட்ஸ் நோயாளிகளின் பாத எரிச்சலுக்கு அது வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை. அவற்றுள் ஒன்றில் சோதிக்கப்பட்ட அக்குபங்சர் ஊசியும் அப்படியே.

ரீட்டா லெவி-மொந்தால்சினி கண்டறிந்து 1986இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த நரம்பு வளர்ச்சிப் புரதத்தையும் ஊசி மூலம் செலுத்திப் பார்த்தனர். வலி சற்றுக் குறைந்தது; ஆனால் தோலில் நரம்பிழைகள் மீண்டும் வளரவில்லை என்று 2000இல் வந்த அறிக்கை கூறியது. மிளகாய்க்குக் காரம் தரும் காப்சைசினை எட்டு சதவீத அளவில் ஏற்றிய ஒட்டுத் துணியைப் பாதத்தில் ஒட்டும் முறையும் வந்தது. காரத்தை உணரும் நரம்பு நுனிகளைச் சில வாரங்களுக்கு அது வாயடைக்கச் செய்கிறது. இதில் சிலருக்குப் பலன் கிட்டியது. அழிந்த நரம்பை மீட்கும் மருந்து என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

ஆகவே வருமுன் காப்பதே வழி. இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் நீங்கள் பார்த்திருக்கும் இசைக்கவை போதும். விநாடிக்கு 128 முறை அதிரும் கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பின்மேல் வைக்கிறார்கள். அதிர்வு நின்றபின் நோயாளி “நின்றுவிட்டது” என்று சொல்ல வேண்டும். அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே அவர் நின்றுவிட்டதாகச் சொன்னால் நரம்பு நலிந்திருக்கிறது என்று பொருள். ஒரு சிறு சுத்தியும் ஓர் இசைக்கவையும் இரண்டு நிமிடங்களும் இருந்தால் எந்தச் சிற்றூர் மருத்துவமனையிலும் இதைச் செய்யலாம்.

இன்று ஸ்டாவுடின் வழக்கொழிந்துவிட்டது. புதிதாகச் சிகிச்சை தொடங்குவோருக்குத் தரப்படும் மருந்துகள் நரம்பை அவ்வாறு சுடுவதில்லை. சிகிச்சையை முன்கூட்டியே தொடங்குவதால் வைரஸ் செய்யும் கேடும் குறைந்துள்ளது. ஆனால் பாதிப்பு அடியோடு மறைந்துவிடவில்லை. அந்த ஆண்டுகளில் ஸ்டாவுடின் உண்டு உயிர் பிழைத்தவர்களில் பலர் மரத்த பாதங்களோடு நம்மிடையே வாழ்கிறார்கள். வைரஸ் அடங்கிவிட்டது என்று இரத்தப் பரிசோதனை கூறும்; பாதத்தின் எரிச்சலை எந்த இரத்தப் பரிசோதனையும் கூறாது. அதை அவர்களே சொல்ல வேண்டும். சொன்னால் கேட்க ஆள் வேண்டும்.

எச்.ஐ.வி. மட்டுமன்று, நீரிழிவு, தொழுநோய், மதுப்பழக்கம், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவையும் நரம்பைக் கெடுக்கும். உங்கள் வீட்டில் யாரேனும் “கால் எரிகிறது”, “செருப்பு கழன்றதே தெரியவில்லை” என்று சொன்னால், வயதாகிவிட்டது என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் உண்ணும் மருந்துகள் எல்லாவற்றின் பெயரையும் மறவாமல் கூறுங்கள். அதுவரை மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு. நிறுத்திய மருந்தினிடையே வைரஸ் தலைதூக்கும். பாதத்தை நாள்தோறும் பார்த்து, காயம் உண்டா என்று கவனியுங்கள். கடைமடையில் தண்ணீர் குறைகிறது என்ற செய்தி தலைமதகுக்கு நேரத்தில் எட்டினால், பயிரைக் காப்பாற்ற இன்னும் வழி உண்டு.